ஸ்பிரிட்டக்காவின் தொப்புள் கம்பி

ஜூன் மாதம் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் பெய்த மழை நின்றிருந்தது. ஆயினும் வானம் வெளுக்கவில்லை. ஈரமும் புழுக்கமும் சேர்ந்து, உடுத்திய துணி முதுகோடு ஒட்டிக்கொண்டது. அன்று முற்பகலில், நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், தன் தங்கையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, கடைத்தெருவில் ஒரு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, கையை விடு. உனக்குக் குத்தறதுக்கு முன்னால என் விரலு ஒடிஞ்சிரும்” என்றாள் தங்கை.

“சும்மா வாடி. விட்டா நான் திரும்பி ஓடிருவேன்.”

ஓடக்கூடியவள்தான். பயப்படுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தெருநாய் குரைத்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். தொலைபேசி மணி நேரங்கெட்ட நேரத்தில் அடித்தால், எடுப்பதற்கு முன்பே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று முடிவுகட்டிவிடுவாள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவளுக்குப் பயம் என்பதே இராது. அது அவள் வேலை செய்யும் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் உள்ள கருவி அறை.

மேலே அறுவைச் சிகிச்சை முடிந்ததும், கத்தரி, இடுக்கி, கவ்வி என்று இரத்தம் தோய்ந்த கருவிகள் யாவும் தட்டோடு அந்த அறைக்கு இறங்கிவரும். அறையின் ஒரு பக்கத்தில் அவற்றைக் கழுவுவார்கள். மறுபக்கத்தில் துடைத்து, சரிபார்த்து, துணியில் பொதிந்து, நீராவிப் பெட்டிக்குள் அனுப்புவார்கள். இரண்டு பக்கத்து வேலையும் அவளுக்கு அத்துப்படி. மூட்டுள்ள கருவி எதையும் மூடியபடி கழுவக் கூடாது. திறந்து, மூட்டுக்குள் தூரிகையை விட்டுத் தேய்த்து, முன்னும் பின்னும் அசைத்து, மறுபடியும் தேய்க்க வேண்டும் என்பது அங்கே முதற்பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவள் அவளே. அறைக்குள் நகை கூடாது என்ற விதிக்குக் காவலும் அவளே. வேலை முடிந்த பிறகும் அவள்மேல் வீசும் வாடையால், ‘ஸ்பிரிட்டக்கா’ என்ற பெயர் மருத்துவமனை முழுவதும் நிலைத்துவிட்டது. பிறந்தபோது வைத்த பெயரைச் சம்பள நாளன்று மட்டுமே யாராவது சொல்லுவார்கள்.

அவள் அந்த வேலைக்கு வந்ததற்கும் பயமே காரணம். பள்ளியில் படிக்கும்போது அவளுக்குக் குடல்வால் வீங்கி, அறுவைச் சிகிச்சை நடந்தது. தைத்த இடத்தில் சீழ் கட்டியது. தையலைப் பிரித்து, காயத்தைத் திறந்துவைத்து, நாள்தோறும் பஞ்சைத் திணித்து எடுத்தார்கள். அந்த வலியைவிட, போர்வைக்கு அடியிலிருந்து வந்த அந்த வாடைதான் அவள் மனத்தில் தங்கிவிட்டது. ‘சீழ்’ என்ற சொல்லை யாராவது சாப்பாட்டு நேரத்தில் சொன்னால், இன்றும் தட்டை நகர்த்திவைத்துவிடுவாள். பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றின்போது மறுபடியும் அதே வயிற்றில் கத்தி பட்டது. ஒரே மகள் படிப்புக்காக வெளியூர் போன பிறகு, ஒரு நாள் தங்கையிடம் திடுதிப்பென்று சொன்னாள்:

“இந்த வயித்த எல்லாரும் அவங்கவங்க தேவைக்குத்தான் கிழிச்சிருக்காங்க. எனக்குப் பிடிச்சு ஒண்ணு போட்டுக்கணும்டி. தொப்புள்ல. சின்னதா.”

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள்.

மாடியில் இருந்த, உடம்பில் துளையிட்டு நகை மாட்டும் கடை, மருந்தகத்தைப் போல வெள்ளை வெளேரென்று இருந்தது. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டிருந்த கடைக்காரம்மா, தட்டில் வரிசையாக நகைகளை வைத்துக் காட்டினாள். அக்காவோ நகைகளைப் பார்க்கவேயில்லை. ஊசி இருந்த உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தில் நிறம் மாறியிருக்கிறதா, ஒட்டு பிரிந்திருக்கிறதா என்று நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“எல்லாரும் நகையைப் பார்ப்பாங்க. நீங்க உறையைப் பார்க்கறீங்களேம்மா!”

“எங்க அக்காவ விட்டா, உங்க கடையையே வேகவெச்சு எடுத்துத் தந்திரும்” என்றாள் தங்கை.

தொப்புள் வளையம் என்று வழக்கில் சொன்னாலும், அது வளையமன்று. சற்றே வளைந்த ஒரு சிறு கம்பி. கீழ்முனையில் ஒரு குண்டு, மேல்முனையில் திருகிப் பூட்டும் இன்னொரு குண்டு. கடைக்காரம்மா அவளை நிற்கவைத்துப் பேனாவால் புள்ளி வைத்தாள், பிறகு படுக்கவைத்தாள். தொப்புளின் மேல்விளிம்பை ஒரு கவ்வி பிடித்தது. நாள்தோறும் தான் தேய்க்கும் கவ்வியின் பல் எப்படி இருக்கும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. “மூச்ச நல்லா இழுங்க. விடுங்க” என்றது குரல். விட்டாள். சூடான கோடு ஒன்று தோலுக்குள் ஓடியது. அவள் கத்தவில்லை, கத்தியவள் தங்கை.

கண்ணாடியில் பார்த்தபோது, பழைய தழும்புகளுக்கு நடுவே, பனித்துளி போல ஒன்று மின்னியது. அவள் நெடுநேரம் பார்த்தபடி நின்றாள்.

“கேட்டுக்கங்க” என்றாள் கடைக்காரம்மா. “காலைல ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி, மருந்துக்கடைல விக்கிற உப்புத் தண்ணிய ஊத்திக் கழுவுங்க. ஒத்தி எடுங்க. அவ்வளவுதான். வேற மருந்து எதுவும் வேணாம். திருகக் கூடாது, அசைக்கக் கூடாது. இடுப்பை இறுக்கற துணி ஆகாது. முழுசா ஆற ஆறு மாசத்துக்கு மேல, ஒரு வருஷம்கூட ஆகும்.”

“ஒரு வருஷமா?”

“தொப்புள் சோம்பேறிம்மா. அதுக்கு எல்லாம் மெதுவாத்தான்.”

படியிறங்கும்போது அவள் தங்கையின் காதருகே குனிந்தாள். “உப்புத் தண்ணியாம்! காயத்தக் கழுவச் சொல்றாளா, கத்தரிக்காயக் கழுவச் சொல்றாளா?”

தவறு அந்தப் படியிலேயே தொடங்கிவிட்டது.

அவள் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மாலையில் வீட்டுக்கு வந்தவர், விஷயத்தைக் கேட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். மேலே ஒரு குண்டு, கீழே ஒரு குண்டு.

“ரெண்டு பொத்தான் வெச்சிருக்காங்களே. மேல அழுத்தினா எந்த மாடிக்குப் போகும்?”

“கை வெச்சீங்க, கையை ஒடிப்பேன்.”

“சரி, பழுதானா கூப்பிடு” என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்தார்.

மறுநாள் காலையில் அவள் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த முறைப்படி வேலையைத் தொடங்கினாள். உப்புநீர்ப் புட்டி அலமாரியில் திறக்கப்படாமலே இருந்தது. முதலில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு. அடுத்துப் பழுப்புநிறக் கிருமிநாசினி. அதற்கும் மேல் சவர்க்கார நுரை. கம்பியை மேலும் கீழும் இழுத்து, குழந்தைகளுக்கான மெல்லிய பல்தூரிகையால் துளையின் இரு வாயிலும் தேய்த்தாள். மூட்டுள்ளது எதுவாயினும் அசைத்துத்தானே தேய்க்க வேண்டும்? கண்ணில் நீர் முட்டியது. எரிந்தால்தான் கிருமி சாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சில நாள்களில் துளையைச் சுற்றிச் சிவந்தது. அடுத்த வாரம் சிவப்பு பளபளப்பாகி, தோல் உரியத் தொடங்கியது. கம்பியின் கீழ்க்குண்டில் வெளிறிய நீர் கசிந்து, காய்ந்து, பொருக்காக ஒட்டியிருந்தது. கசிவைப் பஞ்சில் எடுத்து முகர்ந்து பார்த்தாள். ஸ்பிரிட் வாடையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஆனால் அவள் மூக்குக்கு அந்தப் பழைய போர்வையின் வாடை வந்துவிட்டது.

அன்றிலிருந்து ஒரு நாளுக்கு இருமுறை என்பது நான்குமுறை ஆயிற்று. மதிய இடைவேளையிலும் கழிப்பறைக்குள் புகுந்து தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு கூடிற்று. சிவப்பு கூடக் கூட அவள் இன்னும் தேய்த்தாள்.

“கழட்டி எறிஞ்சிட்டு நிம்மதியா இரேன்” என்றார் கணவர். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

“மாட்டேன்.”

“அப்ப டாக்டர்கிட்டயாவது போ. நீ இருக்கறதே ஆஸ்பத்திரிலதானே?”

அதுதான் முடியாத காரியம். காயமோ புண்ணோ இருந்தால், வேலைக்கு இறங்குமுன் பெரிய சிஸ்டரிடம் சொல்லியாக வேண்டும் என்பது கருவி அறையின் விதி. விரலில் காகிதம் கீறியதற்கே அவள் இரண்டு பேரைப் பெரிய சிஸ்டரிடம் அனுப்பியிருக்கிறாள். காதில் போட்ட சிறு தோட்டுக்காக ஒருத்தியை வாசலிலேயே நிறுத்தி, “இது கருவி அறையா, கல்யாண மண்டபமா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறாள். இப்போது அவளே, சட்டைக்கு அடியில் நகையும், நகைக்கு அடியில் புண்ணுமாக நிற்கிறாள். சொன்னால் மானம் போகும்; அது போனாலும் போகட்டும். சொன்ன மாத்திரத்தில், “முதல்ல அதைக் கழட்டு” என்பார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

பேருந்தில் பையை வயிற்றுக்கு முன்னால் கேடயம் போலப் பிடித்துக்கொண்டு போனாள். கழுவுதொட்டியின் விளிம்பில் சாய்வதை விட்டுவிட்டாள். சீருடைக் காற்சட்டையின் நாடாவைத் தளர்த்திக் கட்டியதால், அடிக்கொருதரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது.

“என்னக்கா, காற்சட்டைக்கும் உனக்கும் சண்டையா?” என்று கேட்டாள், தோட்டுக்காகத் திட்டு வாங்கிய அதே பெண். மருத்துவமனையின் எல்லாச் செய்திகளும் முதலில் அவள் வாய்க்குத்தான் வரும் என்பதால், அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர்.

“இளைச்சிட்டேன்டி.”

“எங்க இளைச்ச? எனக்கும் அந்த இடத்தக் காட்டேன்.”

சிரிக்க வேண்டிய பேச்சுக்கு அவள் சட்டையின் கீழ்விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, பிற்பகல். மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ரேடியோ வந்து மேசையில் முழங்கையை ஊன்றினாள்.

“விஷயம் தெரியுமா? மூணாம் நம்பர் அறைல இருக்காரே ஒரு வாத்தியார், குடல் ஆபரேஷன் ஆனவரு, அவருக்குக் காய்ச்சல் கொதிக்குதாம். உள்ள என்னமோ பிடிச்சிருச்சுன்னு பேசிக்கிறாங்க. எங்கேருந்து வந்துச்சுன்னு தேடுறாங்களாம்.”

“எப்ப ஆபரேஷன்?”

“செவ்வாய்க்கிழமை.”

செவ்வாய்க்கிழமைக் குடல் அறுவைக்கான கருவித் தட்டைப் பொதிந்தது அவள் கைதான். அன்று காலை, கழிப்பறையில் கம்பியைத் தேய்த்துவிட்டு வந்து, நேராக அந்தத் தட்டின் முன் நின்றிருந்தாள். கை கழுவினாளா? கழுவினாள். முழங்கைவரை கழுவினாள். கையுறை மாட்டினாளா? மாட்டினாள். ஆனால் இடையில் ஒரு முறை, நழுவிய காற்சட்டையைக் கையுறையோடு இழுத்துவிட்டுக்கொண்டாளே! நாடாவைப் பிடித்தாளா, வயிற்றைத் தொட்டாளா?

கையிலிருந்த மூட்டை தரையில் விழுந்தது. விழுந்த மூட்டையை மறுபடி கழுவ அனுப்ப வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை. ரேடியோதான் எடுத்து வைத்தாள்.

“ஏய், என்னக்கா? முகமெல்லாம் வெளுத்துப்போச்சு. உக்காரு.”

அவள் உட்காரவில்லை. முன்பின் அறியாத அந்த வாத்தியார், போர்வைக்கு அடியிலிருந்து வரும் வாடையைத் தானே முகர்ந்துகொண்டு படுத்திருப்பது அவள் கண்முன் தெரிந்தது. பொதிந்த பிறகுதான் தட்டு நீராவிப் பெட்டிக்குள் போகிறது, அந்தச் சூட்டில் எந்தக் கிருமியும் தப்பாது என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர் அந்தத் தளத்திலேயே இல்லை. அறிந்து என்ன பயன்? பயம் என்றைக்குப் பாடம் கேட்டது?

நேரே கழிப்பறைக்குப் போனாள். கதவைச் சாத்தி, மேல்குண்டின் திருகில் விரலை வைத்தாள். இதைக் கழற்றிச் சாக்கடையில் போட்டுவிட்டால் சாட்சி எதுவும் இல்லை. குண்டு வழுக்கியது. மறுபடியும் பிடித்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: எங்கிருந்து வந்தது என்று மேலே தேடிக்கொண்டிருக்கிறார்கள். இதைக் கழற்றி மறைத்தால், அவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள். வாத்தியார் கொதித்துக்கொண்டே கிடப்பார். அவள் விரலை எடுத்தாள்; முகத்தைக் கழுவிக்கொண்டு படியேறினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கும் பொறுமை இல்லை.

பெரிய சிஸ்டர், மருத்துவமனையில் தொற்று பரவாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தவர். பருத்த உடம்பும் தணிந்த குரலும் உடையவர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை; அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம்.

“சிஸ்டர், அந்த வாத்தியாருக்கு என்னாலதான்.”

“எந்த வாத்தியாரு? என்ன உன்னால?”

அவள் சட்டையை உயர்த்திக் காட்டினாள். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும்முன் அழுகை வந்துவிட்டது. பெரிய சிஸ்டர் எழுந்து கதவைச் சாத்தினார். அவளைப் படுக்கவைத்து, விளக்கை இழுத்துப் பிடித்தார்.

“வாத்தியாருக்கு நெஞ்சுல சளி. காயம் சுத்தமா இருக்கு, காலைல நானே பார்த்தேன். யாரு, ரேடியோ சொன்னாளா?”

அவள் தலையசைத்தாள்.

“நீ பொதியறது நீராவிக்குள்ள போயித்தானே வெளிய வருது? இத உனக்கு நான் சொல்லணுமா? பேசாம படு. காய்ச்சல் இருக்கா? இல்ல. சிவப்பு பரவுதா? அதுவும் இல்ல. இது சீழும் இல்ல. தோல் ஆறுறப்ப வர்ற நீர். ஆனா ஏன் இப்படித் தோலு உரிஞ்சு கிடக்கு? என்ன போட்டே?”

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஸ்பிரிட் என்றபோது பெரிய சிஸ்டர் கண்ணை மூடினார். தூரிகை என்றபோது திறந்தார்.

“தூரிகையா?”

“மூட்டுல அழுக்கு தங்கும்ல சிஸ்டர்…”

“அடிப் பாவி! உன் வயிறு என்ன இடுக்கியா? இரும்புக்குத் தோலு வளர வேண்டியதில்ல, தேய்க்கலாம். இங்க அது வளர வளர நீ சுரண்டி எடுத்திருக்க. இது தொற்று இல்ல, நீ செஞ்ச புண்ணு. உப்புத் தண்ணி மட்டும். தொடாதே.”

அவள் மூச்சுவிட்டாள். ஆனால் பெரிய சிஸ்டரின் முகம் இன்னும் தெளியவில்லை.

“கழுவுற பக்கம் நின்னியா?”

“நின்னேன்.”

“தண்ணி தெறிக்காம இருக்க ஏப்ரன் போட்டியா?”

“ஒரு நாள்கூடப் போடாம நின்னதில்ல சிஸ்டர்.”

“காயம் இருந்தா சொல்லணும்கிற விதி எதுக்குன்னு நினைச்ச? உன்கிட்டேருந்து நோயாளிங்களக் காப்பாத்தவா? உன்னக் காப்பாத்தத்தான் முதல்ல. யார் யாரோட ரத்தமோ கலந்த தண்ணி அது. தெறிச்சுத் திறந்த புண்ணுல பட்டா என்ன ஆகும்?”

அத்தனை ஆண்டுகள் அந்த அறையில் நின்றும், அந்தப் பக்கத்திலிருந்து அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. தான் எவருக்கும் தீங்கு செய்யவில்லை என்ற ஆறுதல் வந்து உட்காருவதற்குள், அந்த இடத்தில் வேறொரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

“ஏப்ரன் போட்டிருந்தா பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஆனாலும் ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம். கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும் பார்க்கணும். அது ஆறுறவரைக்கும் கழுவுற பக்கம் தலைகாட்டக் கூடாது. மேல கிடங்குல மூட்டைய அடுக்கு.”

ஊசி ஏறியது. கையை நீட்டியபடி அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயில் இரத்தம் நிறைந்ததும், மற்றொரு கையால் தன்னையறியாமல் வயிற்றை மூடிக்கொண்டாள்.

“இத… எடுத்துடணுமா சிஸ்டர்?”

“இப்ப எடுக்கவே கூடாது. துளையோட வாய் மூடிக்கிட்டா உள்ள இருக்கற நீர் வெளிய வர வழியில்லாமப் போயிடும். அப்படியே கிடக்கட்டும்.” பெரிய சிஸ்டர் பஞ்சை வைத்து அழுத்தி, அவள் முழங்கையை மடக்கிவிட்டார். “ஆறினதுக்கு அப்புறம் வெச்சுக்கறதும் எடுக்கறதும் உன் இஷ்டம்.”

வெளியே தள்ளுவண்டி ஒன்று உருண்டு போகும் ஓசை கேட்டது. அவள் எழுந்து உட்கார்ந்து, காற்சட்டை நாடாவைத் தொப்புளுக்கு வெகு கீழே தளர்வாகக் கட்டினாள். பெரிய சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. சின்னக் கீறலுக்கே அடுத்தவங்கள என்கிட்ட அனுப்பறவ நீ. உன்னால ஒரு ஆளு சாகப் போறாருன்னு நினைக்கிற வரைக்கும் ஏன் என்கிட்ட வரல?”

“கழட்டச் சொல்லிடுவீங்கன்னு பயந்தேன் சிஸ்டர்.”